ஆஸ்பெர்கர் இயல்புடைய குழந்தைகள்: ஆசிரியரும் களப்பணியாளரும் அறியத்தக்கவை

மூன்றாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர், "எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கணக்கைப் போடுங்கள்" என்கிறார். ஒரு சிறுவன் இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு வலக்கையால் எழுதத் தொடங்குகிறான். வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. தம்மை அவன் கேலி செய்கிறான் என்று எண்ணிய ஆசிரியர், "நீ என்ன பெரிய மேதாவியா?" என்று சினந்து வினவுகிறார். "இல்லை ஐயா. ஆனால் நீங்கள் கரும்பலகையில் எழுதிய இரண்டாம் கணக்கின் விடை தவறு" என்று அவன் பதில் சொல்கிறான். விடை தவறுதான். ஆயினும் சிறுவன் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். மாலையில் அவன் தாயாருக்கு அழைப்புச் செல்கிறது.

இத்தகைய நிகழ்ச்சி நம் நாட்டின் எந்தப் பள்ளியிலும் நேரக்கூடியது. அச்சிறுவன் செய்தவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், அவற்றில் குறும்பு எதுவும் இல்லை என்பது விளங்கும். வாயை மூடும்படி கூறப்பட்டது, அவன் மூடினான். ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அதற்கு அவன் விடையளித்தான். கணக்கில் பிழை இருந்தது. அதை அவன் எடுத்துரைத்தான். சொற்களுக்குப் பின்னால் உள்ள குறிப்பையும், கேள்விக்குப் பின்னால் உள்ள சினத்தையும், பலர் முன்னிலையில் பெரியவரைத் திருத்தலாகாது என்ற வழக்கத்தையும் மற்றப் பிள்ளைகள் யாரும் கற்பிக்காமலே அறிந்துகொள்கின்றனர். இவன் அவற்றைத் தானாக அறிந்துகொள்வதில்லை. அறிவிலோ பேச்சிலோ குறைவின்றி, பிறர் மனக்குறிப்பை உணர்ந்து பழகுவதில் மட்டும் இடர்ப்படும் இந்த இயல்பே 'ஆஸ்பெர்கர் இயல்பு' என்று பல ஆண்டுகளாக அழைக்கப்பட்டு வந்துள்ளது.

பெயரும் வரலாறும்

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் குழந்தை மருத்துவராகப் பணியாற்றிய ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்பவர், 1944-ஆம் ஆண்டில் நான்கு சிறுவர்களைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அச்சிறுவர்கள் வயதுக்கு மிஞ்சிய சொல்வளத்துடன் பேசினர். தமக்குப் பிடித்த பொருளில் ஆழ்ந்த அறிவு பெற்றிருந்தனர். ஆயினும் பிற பிள்ளைகளுடன் கூடி விளையாட இயலாதவர்களாக இருந்தனர். இதற்கு ஓராண்டு முன்னர், 1943-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து, 'ஆட்டிசம்' என்று இன்று வழங்கும் நிலையை விவரித்திருந்தார். இவ்விருவருக்கும் முன்பே மாஸ்கோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் குருன்யா சுகரேவா என்ற பெண்மணி, 1920-களின் நடுவில் ஆறு சிறுவர்களிடம் இதையொத்த இயல்புகளைக் கண்டு எழுதியிருந்தார். அவருடைய ஆராய்ச்சி நெடுங்காலம் உலகின் கவனத்துக்கு வரவில்லை.

ஆஸ்பெர்கர் ஜெர்மன் மொழியில் எழுதியதும் பரவலாக அறியப்படாமலே இருந்தது. 1981-இல் பிரிட்டனைச் சேர்ந்த லோர்னா விங் என்ற மருத்துவர் அதை எடுத்து விளக்கி, இந்த இயல்புக்கு ஆஸ்பெர்கரின் பெயரை வழங்கச் செய்தார். 1990-களில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டிலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் அது தனிப் பெயராக இடம்பெற்றது. பின்னர், ஆட்டிசத்துக்கும் இதற்கும் இடையே தெளிவான எல்லை வகுக்க இயலாது என்பது புலனாயிற்று. வானவில்லில் ஒரு நிறம் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாதது போன்றது இது. எனவே 2013-இல் அமெரிக்கக் கையேடும், 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் பதினோராவது வகைப்பாடும், இவ்விரண்டையும் 'ஆட்டிச நிறமாலை' என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொணர்ந்தன. இப்போது மருத்துவர்கள் புதிதாக ஆஸ்பெர்கர் என்று எழுதுவது அரிது. ஆயினும் பழைய சான்றிதழ்களிலும் நூல்களிலும் பெற்றோர் பேச்சிலும் அப்பெயர் வழங்கி வருவதால் களப்பணியாளர் அதை அறிந்திருத்தல் அவசியம்.

அப்பெயர் விலகியதற்கு ஆதரவாக மற்றொரு செய்தியும் உண்டு. நாஜிகளின் ஆட்சிக் காலத்தில் ஆஸ்பெர்கர் சில குழந்தைகளை வியன்னாவின் 'அம் ஷ்பீகல்கிரண்ட்' என்ற விடுதிக்கு அனுப்பப் பரிந்துரைத்தார் என்பதை, வரலாற்றறிஞர் ஹெர்விக் செக் 2018-இல் ஆவணங்களைக் கொண்டு வெளிப்படுத்தினார். அவ்விடுதியில் சுமார் 800 குழந்தைகள் மாண்டனர். குழந்தைகளைப் 'பயன்படுவோர்', 'பயன்படாதோர்' என்று பிரிக்கத் தொடங்கினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. குழந்தைக்கு ஒரு பெயர் சூட்டுவது அதற்கு உதவுவதற்காகவேயன்றி, ஒதுக்கி வைப்பதற்காக அன்று.

இயல்புகள் யாவை?

முதலாவது, பழகுமுறை. இக்குழந்தை நட்பை வெறுப்பதில்லை. பெரும்பாலும் அதற்கு ஏங்குகிறது. ஆனால் விளையாட்டில் எப்போது நுழைவது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பது அதற்குப் புரிவதில்லை. கேட்பவர் சலித்துப்போனதை முகக்குறிப்பால் அறியாமல் தன் பேச்சைத் தொடர்கிறது. விளையாட்டு விதியை யாரேனும் மீறினால் உடனே ஆசிரியரிடம் சென்று முறையிட்டு, 'கோள்சொல்லி' என்ற பெயரையும் வாங்கிக்கொள்கிறது.

இரண்டாவது, மொழி. பேச்சு சரளமாக இருக்கும். சில வேளைகளில் புத்தகத்தைப் படிப்பது போலவும், ஏற்ற இறக்கமின்றியும் இருக்கும். மரபுத் தொடர்களே இக்குழந்தைக்கு இடறுகற்கள். 'அவனுக்குக் கை நீளம்', 'காதில் பூச்சுற்றாதே', 'கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடு' போன்ற தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு அது திகைக்கும். நம் நாட்டு மொழிகள் யாவும் இத்தகைய வழக்குகள் நிறைந்தவை. ஆளுக்கேற்ப 'நீ', 'நீங்கள்' என்று மரியாதை மாற்றிப் பேசும் மொழிகளில் இன்னொரு தடுமாற்றமும் நேரலாம். தலைமையாசிரியரை 'நீ' என்றும், தோழனை 'நீங்கள்' என்றும் அழைக்கும் குழந்தை திமிரினால் அவ்வாறு செய்கிறது என்று முடிவுகட்டிவிடலாகாது.

மூன்றாவது, ஒரு பொருளில் ஆழ்ந்த பற்றும், மாறாத ஒழுங்கில் விருப்பமும். ரயில் வண்டிகளின் எண்கள், கோள்கள், மின்விசிறிகள், தேசப்படங்கள், பூச்சிகள் என்று ஏதேனும் ஒன்றில் இக்குழந்தை பெரியவர்களும் வியக்கும் அறிவைத் திரட்டி வைத்திருக்கும். நாளின் ஒழுங்கு மாறினால், அதாவது வழக்கமான வழியை விட்டு வேறு வழியாகப் பள்ளி செல்ல நேர்ந்தாலோ, விளையாட்டு வகுப்பு முன்னறிவிப்பின்றி ரத்தானாலோ, அதன் கலக்கம் அளவு கடந்துவிடும்.

நான்காவது, புலன்கள். பள்ளி மணியோசை, பிரஷர் குக்கரின் ஊதல், பட்டாசு, காலை வழிபாட்டுக் கூட்டத்தின் ஒலிபெருக்கி ஆகியவை மற்றவர்க்குச் சாதாரணமாக இருக்க, இக்குழந்தைக்குத் தாங்கொணாத வேதனையாக இருக்கலாம். புதுச்சட்டையின் கழுத்துப் பட்டையில் உள்ள சீட்டு முள்ளாய்க் குத்தலாம். சோறும் குழம்பும் கலந்துவிட்டால் உணவையே தொடாமல் இருக்கலாம். இதற்கு மாறாகச் சில குழந்தைகள் வலியையோ குளிரையோ போதிய அளவு உணராமலும் இருக்கலாம். இவற்றோடு கைகால் இயக்கத்தில் தடுமாற்றமும் பலரிடம் காணப்படுகிறது. பந்து பிடிக்க வராமை, சட்டைப் பொத்தான் போடத் தாமதம், கோணல்மாணலான கையெழுத்து ஆகியவை இதன் விளைவுகள்.

இவை அனைத்தும் ஒரே குழந்தையிடம் ஒரே அளவில் காணப்படும் என்பதில்லை. இவற்றுள் ஒன்றிரண்டு எல்லாக் குழந்தைகளிடமும் உண்டு. பல இயல்புகள் சேர்ந்து, சிறு வயது முதல் தொடர்ந்து, அன்றாட வாழ்வுக்கு இடையூறாக இருப்பின், அப்போதே நிபுணரை நாட வேண்டும்.

கண்ணுக்குத் தப்புவது எவ்வாறு?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-இல் உலக மக்களில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் ஆட்டிச நிறமாலையைச் சேர்ந்தவர். இக்கணக்கின்படி 500 மாணவர் படிக்கும் பள்ளி ஒன்றில் மூவர் அல்லது நால்வர் இருத்தல் கூடும். அவர்களுள் பேச்சும் அறிவும் நன்கமைந்த குழந்தையே மிகுதியும் கவனிப்புக்குத் தப்பிவிடுகிறது.

அதற்குக் காரணங்கள் பல. அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் வளர்ச்சியை அளக்கும்போது, எப்போது நடந்தது, எப்போது பேசிற்று என்பவையே முதன்மையாக வினவப்படுகின்றன. இக்குழந்தை உரிய காலத்தில் நடந்தும் பேசியும் இருக்கும். பழைய வகைப்பாட்டிலேயே, பேச்சு தாமதப்படாமை ஆஸ்பெர்கர் இயல்பின் ஓர் அடையாளமாகக் கொள்ளப்பட்டிருந்தது. பள்ளியில் சேர்ந்த பின்னரோ, மதிப்பெண் நன்றாக இருப்பதால், 'படிப்பு வருகிறது, அடக்கந்தான் வரவில்லை' என்று முடிவு செய்யப்படுகிறது.

மேல்நாட்டு நூல்கள் கூறும் அறிகுறிகளை அப்படியே கொள்வதும் நம் சூழ்நிலையில் தவறாக முடியலாம். எதிரிலிருப்பவர் கண்ணை நோக்கிப் பேசாமை அங்கே ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றிலோ பெரியவர் முன் தலைகுனிந்து நிற்பதே பணிவு. ஆகவே குழந்தை ஆசிரியரை நிமிர்ந்து பார்க்கிறதா என்பதைவிட, தன் வயதொத்த பிள்ளைகளுடன் விளையாடுகையில் அவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்கள் சிரிப்புக்கும் கோபத்துக்கும் ஏற்ப நடந்துகொள்கிறதா என்று பார்ப்பதே பொருத்தம்.

பெண் குழந்தைகள் இன்னும் எளிதில் தப்பிவிடுகின்றனர். தோழியர் பேசுவதையும் சிரிப்பதையும் உற்றுநோக்கி, அவ்வாறே தாமும் செய்து காட்டுவதில் அவர்களிற் பலர் தேர்ந்தவர்கள். பகல் முழுதும் இவ்வாறு நடித்துக் களைத்து, மாலையில் வீட்டுக்கு வந்ததும் காரணமின்றி அழும் பெண் குழந்தையை 'வெட்கம் மிக்கவள்' என்று சொல்லிவிடுவது எளிது. கவனிக்கப்படாமல் வளரும் இக்குழந்தைகள் பதின்பருவத்தில் கடும் மனக்கவலைக்கும் சோர்வுக்கும் ஆளாவதுண்டு.

காரணம் எது? எது அன்று?

மூளை வளர்ச்சியில் கருவிலிருந்தே அமையும் வேறுபாடே இதன் அடிப்படை. மரபுவழியின் பங்கு இதில் பெரிது. 1977-இல் பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர், குறைந்தது ஒருவருக்கேனும் ஆட்டிசம் உள்ள 21 இரட்டைச் சோடிகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிலிருந்து தோன்றிய 10 சோடிகளில் ஒன்றிலும் அவ்வாறில்லை. பிற்கால ஆராய்ச்சிகளும் இதை வலுப்படுத்தியுள்ளன. தாயின் அன்புக் குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் கூறப்பட்ட கொள்கை கைவிடப்பட்டுவிட்டது. தாய் வேலைக்குச் செல்வதோ, குழந்தை ஒற்றைப் பிள்ளையாய் வளர்வதோ, கண்ணேறோ, முன்வினையோ இதற்குக் காரணம் அன்று.

தடுப்பூசியும் காரணம் அன்று. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்துடன் இணைத்து 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையை 2010-இல் அவ்விதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. ஐயமுற்ற பெற்றோர்க்கு இதை எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமை.

இதை 'முற்றிலும் குணமாக்கும்' மருந்து எதுவும் இல்லை. உடன் வரும் கவலை, தூக்கமின்மை, கவனச் சிதறல் ஆகியவற்றுக்கு மருத்துவர் சிகிச்சை அளிக்கக்கூடும். ஸ்டெம் செல் ஊசி முதலியவற்றால் குணமாக்குவதாகச் செய்யப்படும் விளம்பரங்களை நம்பிக் குடும்பங்கள் கடன்படாமல் தடுத்தல் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர் மாற்றிக்கொள்ள வேண்டியவை பெரும்பாலும் செலவற்ற சிறு செயல்களே.

சொல்ல விரும்புவதை நேராகச் சொல்லுதல் வேண்டும். 'வாயை மூடிக்கொண்டு' என்பதற்குப் பதிலாகப் 'பேசாமல் எழுதுங்கள்' என்றால் போதும். 'ஒழுங்காக இரு' என்ற கட்டளையில் செய்ய வேண்டியது எது என்பது இல்லை; 'உன் இடத்தில் உட்கார்ந்து, பத்தாம் பக்கத்தைத் திற' என்பதில் உள்ளது. வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொன்னது தனக்கும் சேர்த்துத்தான் என்று இக்குழந்தை உணராமலிருக்கலாம். ஆகவே அதன் பெயரைச் சொல்லி அழைத்து, ஒரு முறைக்கு ஒரு செய்தியாகக் கூறி, பதிலுக்குச் சற்றுக் காத்திருத்தல் நலம்.

அன்றைய பாடவேளைகளைக் கரும்பலகையின் ஓரத்தில் காலையிலேயே எழுதிவிடுவது மற்றொரு வழி. முடிந்தவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிடலாம். ஆய்வாளர் வருகை, ஆண்டு விழா ஒத்திகை போன்ற மாறுதல்களை முன்கூட்டியே அறிவித்தால், வரவிருக்கும் கலக்கத்தில் பாதி நீங்கிவிடும்.

உட்காரும் இடத்தையும் கவனித்தல் வேண்டும். தெருவோரச் ஜன்னலுக்கும் மணி தொங்கும் தாழ்வாரத்துக்கும் அப்பால், முன்வரிசையின் ஓரத்தில் இடம் கொடுக்கலாம். மணியடிக்கும் முன் குழந்தை காதைப் பொத்திக்கொண்டால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆரவாரம் மிகும்போது நூலகத்தின் ஒரு மூலைக்கோ தலைமையாசிரியர் அறைக்கோ சென்று பத்து நிமிஷம் அமர்ந்து வர அனுமதி இருத்தல் வேண்டும். அது தண்டனை அன்று என்பது குழந்தைக்கும் வகுப்புக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அடக்க முடியாமல் குழந்தை கதறி அழுதாலோ, பொருள்களை எறிந்தாலோ, அது பிடிவாதம் அன்று. தாங்கும் அளவு கடந்துவிட்டதன் விளைவு. அந்நேரத்தில் உபதேசமும் மிரட்டலும் பயன் தாரா. பேச்சைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, அமைதி திரும்பக் காத்திருந்து, எது அதைத் தூண்டிற்று என்பதைப் பின்னர் குறித்து வைத்தல் வேண்டும். இரண்டு வாரக் குறிப்புகளை ஒப்பிட்டால் காரணம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

குழந்தைக்குள்ள தனிப்பற்றைத் தடை செய்யாமல் பாடத்துக்குத் துணையாக்கிக்கொள்ளலாம். ரயில் எண்களில் ஆழ்ந்த சிறுவனுக்கு வேகமும் தூரமும் பற்றிய கணக்கு ரயிலின் மூலமே புகட்டப்படலாம். ஊர்ப்பெயர்களின் வழியே பூகோளமும் வந்துவிடும். அவன் அறிந்ததைச் சனிக்கிழமை மன்றத்தில் ஐந்து நிமிஷம் எடுத்துச் சொல்லச் செய்தால், நகைப்புக்கு ஆளானவன் மதிப்புக்கு உரியவனாவான்.

இடைவேளையே இக்குழந்தைக்கு மிகக் கடினமான பாடவேளை. பாட நேரத்துக்கு விதிகள் உண்டு, இடைவேளைக்கு இல்லை. கேலியும் தொல்லையும் நேர்வது அப்போதுதான். 'அதைச் செய், நாங்கள் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம்' என்று தூண்டிவிட்டுத் தண்டனை வாங்கிக் கொடுப்பதும் உண்டு. பொறுமையுள்ள ஓரிரு மாணவரைத் துணையாக அமைத்து, விதிகள் தெளிவான சதுரங்கம் போன்ற விளையாட்டில் சேர்ப்பது நல்ல பலன் தரும். 'நான் ஆடலாமா?' என்று கேட்பது எப்படி, மறுத்தால் செய்வது என்ன என்பனவற்றைப் பாடம் போலவே படிப்படியாகக் கற்பித்தல் வேண்டும். இக்குழந்தையின் வழியை மற்ற மாணவர் சிறிது புரிந்துகொள்வதும் அதே அளவு முக்கியம்.

கையெழுத்துச் சிரமம் உள்ளவனிடம் ஒரே பாடத்தைப் பத்து முறை எழுதும்படி பணிப்பது அறிவை வளர்ப்பதில்லை. வாய்மொழி விடையை ஏற்றுக்கொள்வதும், எழுத்து வேலையைக் குறைப்பதும் நேர்மைக்கு மாறானவை அல்ல.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

வீடு தேடிச் செல்லும் பணியாளர் பெற்றோரிடம் பின்வருவனவற்றை வினவுதல் பயன் தரும்.

1. குழந்தை தன் வயதுப் பிள்ளைகளுடன் சேர்ந்து விளையாடுகிறதா, அருகில் தனியே விளையாடுகிறதா?
2. தான் கண்ட புதுமையைப் பிறர்க்குச் சுட்டிக்காட்டி மகிழ்கிறதா?
3. கேட்பவர் விருப்பத்தை நோக்காமல் ஒரே பொருளைப் பற்றி நெடுநேரம் பேசுகிறதா?
4. பரிகாசத்தையும் மரபுத் தொடர்களையும் சொல்லுக்குச் சொல் பொருள்கொள்கிறதா?
5. சிறு மாறுதலுக்கும் அளவு கடந்து கலங்குகிறதா?
6. எந்த ஒலி, உடை, உணவு அதற்குப் பொறுக்கவில்லை?

இவ்வினாக்கள் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு வழிகாட்டுமேயன்றி, நோய் நிர்ணயம் செய்வதற்கு உரியவை அல்ல. பெற்றோரிடம் 'உங்கள் பிள்ளைக்கு இன்ன நோய்' என்று கூறுவது களப்பணியாளரின் வேலை அன்று. 'பழகுவதில் சிறிது சிரமப்படுகிறான். நிபுணர் ஒருவர் பார்த்தால் உதவியாக இருக்கும்' என்று கூறுவதே தகுந்தது. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், 2013 முதல், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதித்து, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு உள்ளது. ஆட்டிசத்தை மதிப்பிட, செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றை வகுத்துள்ளது. பயிற்சி பெற்ற நிபுணரே அதைக் கையாளுதல் வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஆட்டிச நிறமாலையும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் வசதி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு ஏற்பப் பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் திருத்தியமைக்க அச்சட்டம் வழி செய்கிறது. சில சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவச் சான்று தேவை. ஆனால், நேராகப் பேசவும் முன்னறிவிப்புச் செய்யவும் கேலியைத் தடுக்கவும் ஆசிரியருக்கு எந்தச் சான்றும் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் குழந்தைகளை உடலளவிலும் மனத்தளவிலும் துன்புறுத்துவதைத் தடை செய்துள்ளது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

தொடக்கத்தில் கூறிய சிறுவனின் நிலையை மீண்டும் நோக்குவோம். அன்று மாலை தாயார் பள்ளிக்கு வருகிறார். 'உங்கள் மகனுக்கு மரியாதை தெரியவில்லை' என்ற குற்றச்சாட்டை அவர் இதற்கு முன்பும் பலமுறை கேட்டிருப்பார். மகனைக் கண்டித்தும் அடித்தும் பயனில்லாமற் போயிருக்கும். அதற்கு மாறாக, 'வீட்டில் எவ்வாறு சொன்னால் இவனுக்கு விளங்குகிறது?' என்று ஆசிரியர் வினவுவாராயின், தாயார் சொல்வதற்கு எத்தனையோ உண்டு. மறுநாள் கணக்குப் பாடத்தில், கரும்பலகையில் பிழை கண்டால் கையை உயர்த்தி, அழைத்த பின் சொல்ல வேண்டும் என்ற விதியைச் சிறுவனுக்குக் கற்பித்துவிடலாம். விதியாகச் சொல்லப்பட்டதை இக்குழந்தைகள் பெரும்பாலும் தவறாமல் கடைப்பிடிப்பர். அதன் பிறகு அவன் கையை உயர்த்துவான். ஆசிரியரும் தம் கணக்கை மீண்டும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளலாம்.